நிற்கத் தெரியாத வீடு

நம் தொடர்கதைகளில் வரும் ஒரு வில்லனை வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது அத்தியாயத்தில் கதாநாயகனிடம் அவமானப்படுவான். பதினெட்டாவது அத்தியாயத்தில், நள்ளிரவில், கையில் ஒரு சிறு கத்தியுடன் கார் ஷெட்டுக்குள் நுழைவான். மறுநாள் காலையில் கதாநாயகன் மலைப்பாதையில் காரை இறக்கிக்கொண்டு வரும்போது பிரேக்கை மிதிப்பான். மிதித்த கால் தரைவரைக்கும் போய்விடும். 'தொடரும்' என்று போட்டுவிட்டு ஆசிரியர் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்குவார்.

அமெரிக்காவில் ஓடுகிற பெரிய மோட்டார் வீடு ஒன்றின் அடியில் இதே வில்லன் கத்தியுடன் படுத்தானானால் ஏமாந்துபோவான். அந்த வண்டிகளில் பிரேக்கை இயக்குவது எண்ணெய் அல்ல. அழுத்தி அடைத்த காற்று. குழாயை அறுத்தால் காற்று வெளியேறும். காற்று போய்விட்டால், அதுவரை காற்றினால் அடக்கி வைக்கப்பட்டிருந்த வலிமையான சுருள்வில்கள் விடுபட்டுச் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். காலையில் வண்டி ஷெட்டை விட்டே நகராது. கதையும் பதினெட்டாவது அத்தியாயத்தைத் தாண்டாது.

அப்படியானால் அது அபாயமே இல்லாத வண்டியா என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. வில்லனால் செய்ய முடியாததை அசிரத்தை செய்துவிடும். அதற்குக் கத்தி வேண்டாம், பகை வேண்டாம், நள்ளிரவு வேண்டாம். அரை அங்குலம் போதும்.

கதை எழுதுகிறவனுக்குப் பிரேக்கைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். மனிதன் எதை நம்பி உயிரை ஒப்படைக்கிறான் என்பது கதை எழுதுகிறவனுடைய விஷயந்தான். பதினைந்து டன் எடையுள்ள ஒரு வீட்டை விற்கிறவன், அதை நிறுத்தும் வித்தையைச் சொல்லித்தராமல் சாவியைக் கையில் கொடுப்பது அக்கிரமம். சட்டம் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அதைவிடப் பெரிய அக்கிரமம். 'எல்லாம் தானியங்கி' என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு வாங்குகிறவன் நிம்மதியாகத் தூங்குவது இவ்விரண்டுக்கும் துணைபோகிற அசட்டுத்தனம். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

*

மோட்டார் வீடு என்றால் என்னவென்று நம்மில் பலருக்கு இப்போது தெரியும். சினிமாப் படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறுகிற 'கேரவன்' வண்டியைப் பார்த்தவர்கள், அதை இன்னும் இரண்டு மடங்கு ஆடம்பரமாகக் கற்பனை செய்துகொண்டால் சரியாக இருக்கும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையையோ பெண்ணையோ பார்த்துவிட்டு வரும் பெற்றோர், நெடுஞ்சாலையில் அதைக் கண்ட அதிசயத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பெரியவை 45 அடி நீளம் வரைக்கும் உண்டு. உள்ளே கட்டில், சோபா, சமையலறை, குளிக்கும் அறை, துணி துவைக்கும் யந்திரம். பொத்தானை அமுக்கினால் சுவரே வெளியே நகர்ந்து கூடம் விசாலமாகிவிடும். இத்தனையும் போதாதென்று பின்னால் ஒரு காரை வேறு கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள்.

இவற்றை விற்பதற்கென்று அச்சிடுகிற வழவழப்பான புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். சமையல் மேடையின் கல் எந்த வகை, திரைச்சீலை எந்த நிறம், டெலிவிஷன் எத்தனை அங்குலம் என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டிருப்பார்கள். பிரேக்குக்கு ஒரு வரி இருந்தால் அதிகம். அந்த ஒரு வரியும் என்ன வகைப் பிரேக் என்று பெயரைச் சொல்லும். அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லாது. பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் எழுந்து வருவது போல இருக்கிறது இது!

வாங்குகிறவர் யார்? பெரும்பாலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பது நாற்பது வருஷம் ஒரே ஊரில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து உழைத்தவர். இனிமேலாவது மலையையும் பாலைவனத்தையும் மனைவியோடு போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர். அவர்மீது எனக்குத் துளிகூடக் கோபம் கிடையாது. அந்த ஆசை நல்ல ஆசை. ஆனால் அவர் அதுவரை ஓட்டியது ஒன்றரை டன் கார். நேற்று ஒன்றரை டன். இன்று பதினைந்து டன். நடுவில் அவருக்கு நடந்த பயிற்சி என்னவென்று கேட்டால், பல சமயங்களில், விற்பனைக்காரர் கூட உட்கார்ந்து கடைவீதியைச் சுற்றிக் காட்டியதுதான்.

*

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட, அதாவது ஏறக்குறைய 11,800 கிலோவுக்கு மேற்பட்ட லாரியைத் தொழிலுக்காக ஓட்டுகிறவன் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும். 1986-ல் வந்த சட்டம் இது. லாரியில் காற்று பிரேக் இருந்தால் அதற்கென்று தனியாகப் பரீட்சை உண்டு. எழுத்திலும் தேற வேண்டும். வண்டியருகில் நின்று, காற்று எவ்வளவு வேகமாகக் கசிகிறது, எச்சரிக்கை மணி எப்போது அடிக்கிறது என்பதையெல்லாம் செய்தும் காட்ட வேண்டும். தேறாவிட்டால், காற்று பிரேக் உள்ள வண்டியை ஓட்டக் கூடாது என்று லைசென்ஸிலேயே குறித்துவிடுவார்கள். சாலையில் எங்கே நிறுத்தியும் லாரியின் அடியில் புகுந்து பிரேக்கை அளந்து பார்க்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. அளவு தவறினால் வண்டி அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

நல்ல சட்டம். ஆனால் அதே எடையுள்ள வண்டியை, அதே காற்று பிரேக்கோடு, சொந்த உல்லாசத்துக்காக ஒருவர் ஓட்டினால் இந்தச் சட்டம் அவரைத் தொடாது. கலிபோர்னியா, டெக்ஸாஸ் போன்ற சில மாநிலங்கள் நீளத்தையோ எடையையோ பார்த்து வேறு வகை லைசென்ஸ் கேட்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணக் கார் லைசென்ஸே போதும். லாரிகளுக்கு அடிச்சட்டம் செய்கிற கம்பெனிகளே இந்த வீடுகளுக்கும் அடிச்சட்டம் செய்கின்றன. சக்கரம் ஒன்று, டிரம் ஒன்று, காற்றுக் குழாய் ஒன்று. மேலே இரும்புப் பெட்டியை வைத்தால் பரீட்சை. சோபாவை வைத்தால் பரீட்சை இல்லை! இறங்குகிற வண்டி பிழைப்புக்காக இறங்குகிறதா, பொழுதுபோக்குக்காக இறங்குகிறதா என்று மலை கேட்டுப் பார்க்குமா?

இதற்கு மேல் வேறு வழி இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது. எல்லையைத் தாண்டி ஒன்டாரியோவுக்குப் போனால் வேறு நியாயம் இருக்கிறது. டொரொண்டோவில் குடியேறி லாரித் தொழிலில் இறங்கிய நம் தமிழர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே காற்று பிரேக் உள்ள வண்டியை ஓட்டுகிறவர் எவரானாலும், லைசென்ஸில் அதற்கென்று 'இஸட்' என்ற தனி அனுமதி பெற்றிருக்க வேண்டும். வண்டி எதற்காக ஓடுகிறது என்பது அங்கே கேள்வியில்லை. எதனால் நிற்கிறது என்பதுதான் கேள்வி. நயாகரா அருவியின் ஒரு கரையில் அவசியமாக இருக்கிற அறிவு, மறு கரையில் அனாவசியமாகிவிடுமா?

*

இனி அந்த அரை அங்குலத்துக்கு வருகிறேன். யந்திர விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சமையலறையில் குக்கரின் கைப்பிடியைத் திருகி இறுக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

1869-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் ரயிலை நிறுத்துவதற்காகக் காற்று பிரேக்குக்குப் பேடன்ட் வாங்கினார். இன்றைய லாரிகளிலும் பெரிய மோட்டார் வீடுகளிலும் இருப்பது அதன் வம்சம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில், சின்னத் தூக்குச்சட்டி போல ஒரு காற்றறை இருக்கும். உள்ளே ரப்பர்த் தகடு. தகட்டோடு சேர்ந்தாற்போல ஒரு தண்டு. பிரேக்கை மிதித்தால் காற்று உள்ளே பாய்ந்து தகட்டைத் தள்ளும்; தகடு தண்டைத் தள்ளும்; தண்டு ஐந்தாறு அங்குல நீளமுள்ள ஒரு நெம்புகையைத் தள்ளும்; அது ஓர் அச்சைத் திருப்பும்; அச்சின் நுனியிலுள்ள வளைந்த இரும்பு, இரண்டு பிரேக் ஷூக்களையும் அகட்டி டிரம்மோடு உரசவைக்கும். வண்டி நிற்கும்.

சாதாரணமாக இருக்கிற காற்றறையின் பரப்பு 30 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தம் கொடுத்தால், தண்டின்மீது விழுகிற தள்ளு 1,800 பவுண்டு, அதாவது 800 கிலோவுக்கு மேல். பீமனுடைய பலந்தான். ஆனால் அந்தப் பீமன் கையை நீட்டக்கூடிய தூரம் மொத்தம் இரண்டரை அங்குலம். அதற்கு மேல் அறையின் சுவர் தடுத்துவிடும். ஷூவின் லைனிங் தேயத் தேய, டிரம்மைத் தொடுவதற்குத் தண்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அதிக தூரம் போக வேண்டியிருக்கும். இரண்டு அங்குலம் ஆனதும் சரிசெய்துவிட வேண்டும் என்பது விதி. இரண்டரை ஆகிவிட்டால் 800 கிலோ பலமும் அறையின் சுவரைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஷூவுக்கு ஒன்றும் போய்ச் சேராது. நான் சொன்ன அரை அங்குலம் இதுதான்.

இதில் பயங்கரமான சங்கதி ஒன்று உண்டு. எண்ணெய் பிரேக் உள்ள காரில் ஏதாவது கோளாறென்றால் மிதி தாழும். மெத்து மெத்தென்று அமுங்கும். கால் உடனே கண்டுபிடித்துவிடும். காற்று பிரேக்கில் கால் மிதிப்பது ஒரு வால்வைத்தான். சக்கரத்தருகே தண்டு ஓர் அங்குலம் போகிறதா, இரண்டரை அங்குலம் போகிறதா என்பது காலுக்குத் தெரியவே தெரியாது. சமவெளியில், மெதுவான வேகத்தில், வண்டி ஒழுங்காகத்தான் நிற்கும். 'என் பிரேக் அருமையாகப் பிடிக்கிறது' என்று உடையவர் மனப்பூர்வமாகச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய காலுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உண்மை மலையில் தெரியும். 15 டன் வண்டி 600 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு அமெரிக்காவின் கணவாய்களில் இது சர்வ சாதாரணமான இறக்கம். அந்த இறக்கத்தில் வண்டி உதிர்க்க வேண்டிய சக்தியைக் கணக்கிட்டால், 30 டிகிரியில் இருக்கிற 300 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரு கல்யாணத்துக்கு வெந்நீர் போடலாம்! எஞ்சினைக் கொண்டு இந்தச் சக்தியை அடக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், அவ்வளவு சூடும் சில இரும்பு டிரம்களுக்குள்தான் போய்ச் சேர வேண்டும். இரும்பு சூடேறினால் விரியும். டிரம் விரிந்தால் ஷூவை விட்டு விலகிப்போகும். விலகின டிரம்மை எட்டிப் பிடிக்கத் தண்டு கால் அங்குலத்துக்கும் மேல் கூடுதலாக ஓட வேண்டிவரும். மிச்சம் வைத்திருந்த அரை அங்குலம் இப்படிக் கரைகிறது. காலையில் ஷெட்டில் அளந்தபோது விளிம்பில் இருந்த பிரேக், மத்தியானம் மலையின் பாதி வழியில் இல்லாமலே போய்விடுகிறது.

காற்று போனால் வில் பிடித்துக்கொள்ளும் என்றாயே, அது எங்கே போயிற்று என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த வில்லும் இதே தண்டைத்தான் தள்ளுகிறது. இதே ஷூவைத்தான் அகட்டுகிறது. தண்டு எட்டாத தூரத்துக்கு வில்லும் எட்டாது. கடைசித் துணை என்று நம்பியிருந்தவனும் முதல் துணையோடு ஒரே படகில் உட்கார்ந்திருக்கிறான்.

*

"அதெல்லாம் பழைய காலம், இப்போது தானியங்கி வந்துவிட்டது" என்று ஒரு குரல் கேட்கிறது. இந்தக் குரலோடுதான் எனக்குச் சண்டை.

உண்மைதான். 1994 அக்டோபர் 20-க்குப் பிறகு அமெரிக்காவில் செய்யப்பட்ட காற்று பிரேக் வண்டிகளில், தேய்மானத்துக்கு ஏற்ப இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டர் கட்டாயம். நான் சொன்னேனே நெம்புகை, அதுதான் ஸ்லாக் அட்ஜஸ்டர். அதற்குள்ளேயே சின்னப் பல்சக்கரமும் கொண்டியும் வைத்து, தண்டு அதிகமாக ஓடினால் ஒரு பல் இறுக்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு. அதைக் குறை சொல்ல நான் யார்?

ஆனால் தானாகச் சரிசெய்துகொள்ளும் என்பதற்கு, கவனிக்கவே வேண்டாம் என்று அர்த்தமா? அந்தக் கருவிக்கும் மசகு வேண்டும். அதைப் பொருத்துகிற கோணம் சரியாக இருக்க வேண்டும். ஊசிகளும் புஷ்களும் தேயாமல் இருக்க வேண்டும். அவ்வப்போது நன்றாக அழுத்திப் பிரேக் பிடித்தால்தான் அது வேலை செய்யும். எப்போதும் பூப்போல மிதித்துக்கொண்டிருந்தால் அதற்கு வேலை கொடுத்ததாகாது. மோட்டார் வீடோ வருஷத்தில் பல மாதம் ஒரே இடத்தில் நிற்கிற வண்டி. மழையும் பனியும் பட்டு, துருவேறி, மசகு உலர்ந்து நிற்கும். தினம் ஓடுகிற லாரியைவிட, சும்மா நிற்கிற இந்த வீட்டுக்குத்தான் அதிக சிசுருஷை தேவை.

நம்மூர் லாரிகளில் ஒரு கிளீனர்ப் பையன் இருப்பான். மலை ஏறுமுன் லாரிக்கடியில் புகுந்து, ஒவ்வொரு சக்கரமாக ஸ்பானரைப் போட்டு முறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவான். பழைய கைமுறை அட்ஜஸ்டர்களுக்கு அதுதான் வைத்தியம். திருகி இறுக்கி, ஷூ டிரம்மைத் தொட்டதும் கால் சுற்றோ அரைச் சுற்றோ தளர்த்தி விடுவது. இந்த வித்தையைக் கேள்விப்பட்ட மோட்டார் வீட்டுக்காரர்கள் சிலர், தங்கள் தானியங்கி அட்ஜஸ்டரையும் இப்படியே திருகிவிடுகிறார்கள். தண்டின் ஓட்டம் குறைந்துவிடுகிறது, பெருமையாக இருக்கிறது.

அவர்கள் செய்தது என்ன? ஜுரத்துக்குக் காரணம் தேடாமல், ஜுரமானியை ஐஸில் வைத்து இறக்கிவிட்டார்கள்! தானே இறுக்கிக்கொள்ள வேண்டிய கருவி இறுக்கிக்கொள்ளவில்லை என்றால் எங்கோ கோளாறு. கருவி கெட்டிருக்கலாம், தவறாகப் பொருத்தியிருக்கலாம், ஷூவிலோ அச்சிலோ குற்றம் இருக்கலாம். அதைப் பார்க்காமல் திருகிவிட்டால், சில நாளில் பிரேக் பழைய நிலைக்கே வந்துவிடும். போதாக்குறைக்கு, தவறாகத் தளர்த்துகிற ஸ்பானர் உள்ளேயிருக்கிற பற்களையும் தேய்த்துவிடும். புதிதாக மாட்டியபோதும், லைனிங் மாற்றியபோதும் ஒரு தடவை கையால் திருகத்தான் வேண்டும். அதன் பிறகும் அடிக்கடி திருக வேண்டியிருக்கிறதென்றால், அந்த வண்டி உங்களிடம் எதையோ சொல்லுகிறது. நீங்கள் அதன் வாயைப் பொத்துகிறீர்கள்.

இது என் கற்பனை அல்ல. 2003 ஏப்ரலில் பென்சில்வேனியா மாநிலத்தில் கிளென் ராக் என்ற சிற்றூரில், காற்று பிரேக் உள்ள ஒரு டிப்பர் லாரி இறக்கத்தில் நிற்காமல் வந்து, கீழே நின்றிருந்த கார்கள்மேல் மோதியது. இருவர் இறந்தார்கள், அவர்களில் ஒரு குழந்தைக்கு வயது 11. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதைத் துருவி ஆராய்ந்து, 2006-ல் அறிக்கை வெளியிட்டது. அறிக்கை சொன்ன காரணங்களைக் கேளுங்கள். பயிற்சி இல்லாத டிரைவர். அளவுக்கு மிஞ்சிய பாரம். ஒழுங்காகப் பராமரிக்காத பிரேக். மெக்கானிக்குகள் பிரேக்கின் உண்மையான கோளாறைக் கண்டுபிடிக்கத் தவறியது. தானியங்கி அட்ஜஸ்டரைக் கையால் திருகுவதன் அபாயத்தைப் பற்றிப் போதிய எச்சரிக்கை இல்லாதது.

இந்த ஐந்தையும் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். அதில் லாரி என்ற சொல்லை எடுத்துவிட்டு மோட்டார் வீடு என்று போட்டால், எந்த வரியாவது பொருந்தாமல் போகிறதா? தொழில் முறையில் இதையே பார்க்கிற மெக்கானிக்குகளே ஏமாந்திருக்கிறார்கள் என்றால், ஓய்வு பெற்ற கணக்கரையும் பள்ளி ஆசிரியையையும் இந்தச் சொல்லை நம்பச் சொல்லி அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

*

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

"எங்கள் வண்டி சின்னது, எண்ணெய் பிரேக்தான்" என்பார்கள் சிலர். வாடகைக்குக் கிடைக்கிற மோட்டார் வீடுகளில் பல அந்த ரகம். நம் பிள்ளைகள் தாய் தகப்பனை அழைத்துக்கொண்டு போவதும் பெரும்பாலும் அதில்தான். நல்லது, அதில் ஸ்லாக் அட்ஜஸ்டர் கிடையாது. ஆனால் அந்த எண்ணெய், நாளாக நாளாகக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். 'டாட் 3' என்கிற ரகத்துக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அது 140 டிகிரிவரை இறங்கலாம். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால், குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். மிதித்தால் அமுங்குவது குமிழிதான், பிரேக் பிடிக்காது. தொடர்கதை வில்லன் கத்தியால் செய்ததை ஈரம் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. ஆகவே சின்ன வண்டிக்காரரும் எண்ணெயைக் காலத்தில் மாற்றினார்களா என்று கேட்டுவிட்டு ஏறுவது நல்லது.

"இதெல்லாம் மெக்கானிக்கின் வேலை" என்பது இரண்டாவது வாதம். திருத்துவது மெக்கானிக்கின் வேலை, ஒப்புக்கொள்கிறேன். திருத்த வேண்டுமா என்று தெரிந்துகொள்வது யாருடைய வேலை? பல் டாக்டர் இருக்கிறார் என்பதற்காக நாம் பல் விளக்காமல் இருக்கிறோமா? அளந்து பார்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காற்றை நிரப்பி, எஞ்சினை நிறுத்தி, நிறுத்தும் பிரேக்கை விடுவித்து, தண்டு அறையைவிட்டு வெளிவருகிற இடத்தில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். 90 பவுண்டு அழுத்தத்தில் ஒருவர் மிதித்துக்கொண்டிருக்க, கோடு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று மற்றொருவர் அளந்தால் முடிந்தது. அறையின் அளவுக்குத் தக்கபடி எல்லை மாறும். அது அறையின் மீதே குறித்திருக்கும் வகையைக் கொண்டு தெரியும். ஒன்றே ஒன்று: இந்த வண்டிகள் பல காற்றுப் பைகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. பை இறங்கினால் வீடு அப்படியே தாழ்ந்துவிடும். முட்டுக் கொடுக்காமல் அடியில் நுழையக் கூடாது. முடியாதவர் பள்ளம் வெட்டிய லாரிப் பட்டறைக்குக் கொண்டுபோய், 'தண்டின் ஓட்டத்தை அளந்து எழுதிக் கொடு' என்று கேட்கட்டும். எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

"விபத்துகள் அவ்வளவு அதிகம் இல்லையே" என்பது மூன்றாவது. இந்த வாதத்தைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. கீழே நின்றுகொண்டிருந்த காருக்குள் இருந்த அந்தப் 11 வயதுக் குழந்தையைப் பெற்றவர்களிடம் போய், 'அதிகம் இல்லை' என்று சொல்ல முடியுமா? தன் உயிரைப் பணயம் வைத்து மலையில் இறங்குகிறவருக்கு அதற்கு உரிமை இருக்கலாம். கீழே நிற்கிறவர்களைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை கொடுத்தது யார்?

கடைசி வாதம் சுதந்திரம். பரீட்சை, லைசென்ஸ் என்று கெடுபிடி செய்தால் வயதானவர்களின் கடைசி ஆனந்தத்தைப் பறித்ததாகும் என்கிறார்கள். ஒரு நாள் பாடமும் ஒரு மணிப் பரீட்சையும் ஆனந்தத்தைப் பறித்துவிடுமா? நாற்பது வருஷம் ஓர் உத்தியோகத்தைத் திறம்படச் செய்தவருக்கு, இரண்டு அங்குலத்துக்கும் இரண்டரை அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளச் சக்தி இல்லை என்று சொல்வதுதான் அவரை அவமதிப்பது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தால் புரியும். சொல்லிக்கொடுக்க யாருக்கும் மனசில்லை, அதுதான் குற்றம். விற்கிறவனுக்குப் பயம், பிரேக்கைப் பற்றிப் பேசினால் வாங்க வந்தவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவாரோ என்று. சர்க்காருக்குப் பயம், ஓட்டுப் போடுகிறவர்களிடம் பரீட்சை என்று சொல்வதற்கு.

நான் கேட்பது அதிகமில்லை. காற்று பிரேக் உள்ள எந்த வண்டியையும், சோபா ஏற்றினாலும் சரி, சிமென்ட் ஏற்றினாலும் சரி, அதைப் படித்துத் தேறியவர்தான் ஓட்ட வேண்டும் என்று ஒன்டாரியோவைப் போல மற்ற இடங்களிலும் சட்டம் வரட்டும். விற்கிறவர் சாவியோடு கூட, தண்டின் ஓட்டத்தை அளந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் எழுதின ஒரு காகிதத்தையும் கொடுக்கட்டும். தானியங்கி அட்ஜஸ்டரைத் திருகித் தற்காலிகமாகத் தப்பிக்காதே என்று அந்த வழவழப்பான புத்தகத்தின் முதல் பக்கத்தில், சமையல் மேடையின் படத்துக்கு முன்னால், பெரிய எழுத்தில் அச்சிடட்டும்.

வண்டிக்காரர் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். வேகத்தை அடக்குவது எஞ்சின், பிரேக் அதற்கு ஒத்தாசை. பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வரக் கூடாது. மணிக்கு 40 மைல் நிதானமான வேகம் என்றால், 40-ஐத் தொட்டதும் உறுதியாக மிதித்து 35-க்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். மறுபடி 40 ஆனதும் மறுபடி. மலைச் சாலைகளில் நிற்காத வண்டிகளுக்காகச் சரளை கொட்டிய தப்புவழிகள் போட்டிருப்பார்கள். பிரேக் போய்விட்டதென்று தெரிந்தால், வீட்டுக்கு என்ன ஆகுமோ, பீங்கான் தட்டு உடையுமோ என்று யோசிக்காமல் அதில் ஏற்றிவிட வேண்டும். தட்டு கடையில் கிடைக்கும்.

வீட்டை வாங்குகிறபோது அஸ்திவாரம் எத்தனை அடி, சுவர் எத்தனை அங்குலம் என்று தட்டிப் பார்த்து, மேஸ்திரியைக் குறுக்கு விசாரணை செய்கிறவர்கள் நாம். நகராத வீட்டுக்கே இவ்வளவு கேள்வி. மலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தில் இறங்கக்கூடிய வீட்டை வாங்குகிறவரும், வாடகைக்கு எடுக்கிறவரும், அதில் ஏறி உட்காருகிறவரும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இதன் பிரேக்கைக் கடைசியாக அளந்தது யார், என்றைக்கு?" பதில் சொல்லத் தெரியாதவரிடமிருந்து சாவியை வாங்காதீர்கள்.